வேகத்துக்கு வழி: பெரிய எஞ்சினா, நல்ல மூடியா?

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் தென்பெண்ணையாற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். சுற்றுவட்டார மக்கள் எல்லாம் ஆற்றங்கரையில் கூடிவிடுவார்கள். ஆற்றில் நீர் ஓடும் ஆண்டுகளில் சிறுவர்கள் முழங்கால் ஆழத்தில் இறங்கி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். மெல்ல நடக்கும் பையனை நீர் அவ்வளவாகத் தடுப்பதில்லை. அவனே ஓட முயன்றால், நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. நீர் அதே நீர்தான், கால்களும் அதே கால்கள்தாம். வேகம் ஒன்றுதான் கூடியிருக்கிறது. அப்படியானால் இவ்வளவு தடை எங்கிருந்து வந்தது?

ஆற்றில் ஓடும் சிறுவனுக்கு நேர்வதே காற்றில் பறக்கும் விமானத்துக்கும் நேர்கிறது. வகுப்பில் விமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், யாராவது ஒரு மாணவன் கட்டாயம் கேட்பான்: "வேகமாகப் போக வேண்டுமானால் பெரிய எஞ்சினை வைத்துவிட்டால் போதாதா, சார்?" நல்ல கேள்வி. பெரியவர்களில் பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் சரியன்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர், நான்கு பேர் அமரும் சிறு விமானங்களைப் பொறுத்தவரை, எஞ்சினைப் பெரிதாக்குவதற்கு முன் அதை மூடியிருக்கும் கூட்டையும் அதன் புகைக்குழாயையும் சீர்ப்படுத்துவதே அறிவுடைமை. ஆனால் அளந்து பார்க்காமல் அந்த மூடியில் கை வைப்பதைவிட, தொடாமல் விட்டுவிடுவதே மேல்.

கணக்கு என்ன சொல்கிறது?

காற்றுத்தடை, வேகத்தின் இருமடியைப் பொறுத்து வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு ஆகும். எஞ்சின் தர வேண்டிய திறனோ, தடையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. எனவே திறன் எட்டு மடங்கு தேவைப்படும். அதாவது, திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது.

இதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வேகத்தை 10 விழுக்காடு கூட்ட விரும்பினால் 1.1 × 1.1 × 1.1 = 1.331. ஏறத்தாழ 33 விழுக்காடு அதிகத் திறன் வேண்டும்! 100 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துவிட்டு 133 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்த வேண்டும். அது எடை மிகுந்தது. எரிபொருளை அதிகம் குடிக்கும். அந்த எரிபொருளைச் சுமக்கப் பெரிய தொட்டி வேண்டும். தொட்டியைத் தாங்க உறுதியான இறக்கை வேண்டும். எடை கூடக்கூட விமானத்தைத் தூக்கி நிறுத்துவதற்கான தடையும் கூடும். கூட்டிய குதிரைகளில் சில, தம்மைத் தாமே சுமப்பதற்கே செலவாகிவிடும்.

மூடிக்குள் நடப்பது

பெட்ரோல் எஞ்சின் தான் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் சுழலும் தண்டுக்குக் கொடுக்கிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடும், எஞ்சினின் சூடாகவும் வெளியேறுகிறது. அந்தச் சூட்டை அகற்றாவிட்டால் சில நிமிடங்களில் எஞ்சின் பழுதாகிவிடும். மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுற்றி மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கின்றனவே, அவை காற்றில் சூட்டை இறக்கிவைக்கத்தான். பல சிறு விமானங்களின் எஞ்சின்களும் இப்படிக் காற்றால் குளிர்பவையே.

இங்கேதான் சிக்கல். எஞ்சினைத் திறந்துவைத்தால் நன்றாகக் குளிரும்; ஆனால் மேடும் பள்ளமுமான அந்த உருவத்தில் காற்று மோதிச் சுழித்துப் பெருந்தடையை உண்டாக்கும். முழுவதும் மூடிவிட்டால் காற்று வழுக்கிச் செல்லும், எஞ்சினோ வெந்துபோகும். ஆகவே மூடவும் வேண்டும், காற்றை உள்ளே விடவும் வேண்டும். இதற்காக அமைந்த கூட்டைத்தான் 'கௌலிங்' என்கிறார்கள். நாம் எஞ்சின் மூடி என்போம்.

உள்ளே புகும் காற்று இலவசமாக வேலை செய்வதில்லை. வேகமாக வரும் காற்று மூடிக்குள் மோதி, தகடுகளுக்கிடையே நெருக்கியடித்து நுழைந்து, களைத்துப்போய் மெதுவாக வெளியேறுகிறது. காற்று இழந்த அந்த வேகத்துக்கு விலை கொடுப்பது விமானம்தான். இதைக் குளிர்ச்சித் தடை என்று அழைக்கலாம். சில சிறு விமானங்களில் இது மொத்தத் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இருக்கும்.

1928இல் நடந்த சோதனை

வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு. 1920களில் பல விமானங்களின் எஞ்சின் உருளைகள், சக்கரத்தின் ஆரங்களைப்போலச் சுற்றிலும் நீட்டிக்கொண்டு வெளியே தெரியும். அவற்றை மூடினால் குளிராது என்று அக்கால வல்லுநர் பலர் நம்பினர். அமெரிக்காவில், இன்றைய நாசாவின் முன்னோடியான 'நாகா' என்ற அமைப்பு, லாங்லியில் இருந்த தன் ஆய்வகத்தில் ஒரு பெரிய காற்றுச் சுரங்கத்தைக் கட்டியது. முழு எஞ்சினையும் விசிறியையும் உள்ளே வைத்துச் சோதிக்கலாம். ஃபிரெட் வைக் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் அதில் மூடிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தனர்.

முதலில் செய்த மூடிகளில் எஞ்சின் போதிய அளவு குளிரவில்லை. அவர்கள் சோர்ந்துவிடவில்லை, முன்விளிம்பின் வளைவை மாற்றினார்கள், காற்று நுழையும் வாயை மாற்றினார்கள், வெளியேறும் இடைவெளியை மாற்றினார்கள், உள்ளே காற்றுக்கு வழிகாட்டும் தடுப்புத் தகடுகளை அமைத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடையையும் வெப்பநிலையையும் அளந்து குறித்தார்கள். இறுதியில் தடை வெகுவாகக் குறைந்தது, எஞ்சினும் குளிர்ந்தது.

அந்த மூடியைக் கர்டிஸ் ஏடி-5ஏ என்ற விமானத்தில் பொருத்திப் பறந்தபோது, அதன் உச்ச வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது. அதாவது 190 கி.மீ.யிலிருந்து 220 கி.மீ. எஞ்சின் மாறவில்லை. இதே வேகத்தைத் திறனைக் கூட்டிப் பெறுவதென்றால், நம் மும்மடிக் கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு திறனுள்ள எஞ்சின் வேண்டியிருக்கும். தகட்டை வளைத்துச் செய்த ஒரு வளையம் அந்த வேலையைச் செய்துவிட்டது! 1929ஆம் ஆண்டுக்கான காலியர் விருது இந்த மூடிக்காகவே நாகாவுக்கு வழங்கப்பட்டது.

நுழைவாயிலைவிட வெளிவாய் முக்கியம்

மூடி என்றதும் முன்னால் இருக்கும் துளையைத்தான் நாம் பார்க்கிறோம். காற்று அதிகம் வேண்டுமென்றால் அந்தத் துளையைப் பெரிதாக்கினால் போதும் என்று தோன்றும். உண்மை வேறு. மூடிக்குள் எவ்வளவு காற்று ஓடும் என்பதைப் பெரும்பாலும் பின்னால் உள்ள வெளிவாயே தீர்மானிக்கிறது. கதவைத் திறந்து சன்னலை அடைத்த அறையில் காற்று வருமா? அதுபோலத்தான் இதுவும்.

நல்ல மூடியில் நடப்பது இது: சிறிய, உருண்ட விளிம்புள்ள வாய் வழியே காற்று நுழைகிறது. உள்ளே வழி மெல்ல அகலமாவதால் காற்றின் வேகம் குறைந்து அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம், இடுக்கு வழியே கசிந்து வீணாகாமல், தடுப்புத் தகடுகளின் துணையோடு காற்றை எஞ்சின் தகடுகளுக்கிடையே தள்ளுகிறது. சூட்டை வாங்கிக்கொண்ட காற்று, மெல்லக் குறுகும் வழியில் மீண்டும் வேகம் பெற்று, விமானத்துக்கு வெளியே ஓடும் காற்றோடு ஒரே திசையில் பின்னோக்கிச் சேர்கிறது. மட்டமான மூடியில் அதே காற்று செங்குத்தாகக் கீழே கொட்டி, வெளிக்காற்றின் ஓட்டத்தையும் குலைக்கிறது.

இங்கிலாந்தில் மெரிடித் என்ற ஆய்வாளர் 1935இல் இன்னொன்றையும் எடுத்துக்காட்டினார். சூடேறிய காற்று விரிவடைகிறது; அதைச் சரியான குழல் வழியே பின்னோக்கி விட்டால், அது விமானத்தைச் சிறிது முன்னே தள்ளக்கூடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து மஸ்டாங் போர்விமானம் தன் ரேடியேட்டர் தடையின் பெரும்பகுதியை இவ்வாறு ஈடுகட்டியது. ஆனால் மாணவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இந்த உந்தல் வேகத்தோடு வளர்வது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் செல்லும் பயிற்சி விமானத்தில் இதனால் பெரும் லாபம் வராது. நட்டம் குறையும், அவ்வளவே.

புகைக்குழாயின் பங்கு

உருண்டையான குழாய் ஒன்று காற்றோட்டத்தில் நீட்டிக்கொண்டிருப்பது, பார்ப்பதற்குச் சிறிய குற்றம்; காற்றின் கணக்கில் பெரிய குற்றம். உருண்டைக் கம்பி ஒன்று தரும் தடையை, மீன் உடல்போல் பின்னே கூர்ந்த வடிவில் அமைத்தால் அதைவிடப் பல மடங்கு தடித்த ஒரு பொருள்தான் தரும். ஆகவே புகைக்குழாயை மூடிக்குள் அடக்கி, அதன் முனையை மட்டும் பின்னோக்கி விடுவது நல்லது. வெளியேறும் புகைக்கும் வேகம் உண்டு; அதைக் கீழ்நோக்கிக் கொட்டாமல் பின்னோக்கி விட்டால் சிறிதளவு உந்தல் கிடைக்கும்.

புகையைக் கொண்டு காற்றை இழுக்கவும் முடியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினைப் பார்த்திருக்கிறீர்களா? வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியே பீறிட்டு மேலே போகும்போது, தன்னோடு அடுப்பின் புகையையும் இழுத்துச் செல்கிறது. அதனால் அடுப்புக்குள் புதுக்காற்று பாய்ந்து தீ நன்றாக எரிகிறது. இதே தந்திரத்தைச் சில விமானங்களும் கையாண்டன. கான்வேர் 240 என்ற பயணி விமானத்தில், எஞ்சின் புகை அகன்ற குழாய்களுக்குள் பாய்ந்து, குளிர்விக்கும் காற்றையும் சேர்த்து இழுத்து வெளியேற்றியது. வீணாகப் போகும் ஒன்றை வேலைக்காரனாக்குவது எவ்வளவு அழகிய கருத்து!

நம் நாட்டு அன்னம்

இதெல்லாம் அயல்நாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் 'ஹன்சா' என்ற இருவர் அமரும் பயிற்சி விமானத்தை உருவாக்கியது. ஹன்சா என்றால் அன்னம். அதன் தொடக்க மாதிரி 1993இல் பறந்தது. ஹன்சா-3 விமானம் 2000இல் தகுதிச் சான்றிதழ் பெற்றது. மேம்படுத்தப்பட்ட புதிய வடிவமான ஹன்சா-என்ஜி 2021 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 2022 பிப்ரவரியில், கடல்மட்டச் சோதனைக்காக அது பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்தது. சுமார் 140 கடல் மைல் தொலைவு, அதாவது ஏறத்தாழ 260 கி.மீ., ஒன்றரை மணி நேரத்தில் கடந்தது.

உங்கள் வரைபட ஏட்டை எடுத்து, பெங்களூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அளவுகோலை வைத்துப் பாருங்கள். அந்தக் கோடு திருவண்ணாமலைக்கு அருகே, மணலூர்பேட்டைக்கு வடக்கே செல்லும். நம் தலைக்கு மேலே என்று சொல்ல முடியாவிட்டாலும், நம் பக்கத்து வானம்தான்!

ஹன்சாவில் உள்ள ரோடாக்ஸ் எஞ்சினின் உருளைகளைக் காற்றும், அவற்றின் தலைப்பகுதியை நீரும் குளிர்விக்கின்றன. எனவே அந்த மூடிக்குள் காற்றுக்கு மூன்று வேலை: உருளைகளைக் குளிர்விக்க வேண்டும், ரேடியேட்டர் வழியே போக வேண்டும், எண்ணெயைக் குளிர்விக்கும் சல்லடை வழியேயும் போக வேண்டும். கடல்மட்டத்தில் ஏன் தனியாகச் சோதனை? அங்கே காற்று அடர்த்தி மிகுந்தது. கடலோர வெப்பமும் ஈரமும் வேறு. ஓரிடத்தில் சரியாக நடந்தது மற்றோரிடத்திலும் நடக்கும் என்று நம்பிவிடாமல், போய் அளந்து பார்ப்பதே பொறியியல்.

சிறு லாபத்துக்கு இத்தனை உழைப்பா?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேள்வியையும் நேர்மையாக எடைபோடுவோம். ஒரு பயிற்சி விமானத்தின் மொத்தத் தடையில் பத்தில் ஒரு பங்கு குளிர்ச்சித் தடை என்று வைத்துக்கொள்வோம். நல்ல மூடியால் அதில் பாதியைக் குறைத்துவிட்டோம். மொத்தத் தடை 5 விழுக்காடு குறையும். அதே திறனில் பறந்தால், மணிக்கு 200 கி.மீ. சென்ற விமானம் 203 கி.மீ. செல்லும். சிரிப்பு வருகிறதா?

ஆனால் வேகத்தைக் கூட்டாமல் அதே 200 கி.மீ. வேகத்தில் பறந்து பாருங்கள். இப்போது தேவைப்படும் திறன் 5 விழுக்காடு குறைவு; எரிபொருளும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். மணிக்கு 20 லிட்டர் குடிக்கும் விமானம் ஒரு லிட்டர் மிச்சப்படுத்தும். நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு மாணவ விமானிக்கும் 200 லிட்டர் மிச்சம். பயிற்சிக் கட்டணத்துக்கு அஞ்சி விமானி ஆகும் ஆசையையே கைவிடும் பிள்ளைகள் உள்ள நாட்டில், இது சிறு லாபமா? சிக்கனத்தின் பயன் வேகமானியில் தெரியாது; எரிபொருள் தொட்டியில்தான் தெரியும்.

கை வைக்குமுன் நில்லுங்கள்

இனி நான் சொன்ன எச்சரிக்கைக்கு வருகிறேன். மூடியின் துளையைக் குறைத்ததும் விமானம் சிறிது வேகமாகப் போனால், அதைச் செய்தவர் வெற்றி பெற்றுவிட்டதாக எண்ணலாம். ஆனால் சித்திரை வெயிலில், முழுத் திறனில், மெதுவான வேகத்தில் மேலேறும்போதுதான் எஞ்சினுக்குக் காற்று குறைவாகவும் சூடு அதிகமாகவும் இருக்கும். மார்கழிக் காலையில் சரியாக இருந்த மூடி அப்போது எஞ்சினைக் கைவிட்டுவிடலாம்.

புகைக்குழாயில் செய்யும் தவறு இன்னும் கொடியது. குழாயில் விரிசல் விழுந்தாலோ, புகை விமானியின் அறைக்குள் புகும்படி முனை அமைந்தாலோ, கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. விமானி தான் மயங்குவதை அறியாமலேயே மயங்குவார். தடையைக் குறைத்த பெருமை அப்போது யாருக்கு உதவும்? எனவேதான் சான்றிதழ் பெற்ற விமானத்தில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள்படி ஒப்புதல் பெறாமல் இத்தகைய மாற்றங்களைச் செய்யக் கூடாது. சிலர் இதை வீண் கட்டுப்பாடு என்று குறை கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒப்புதல் கேட்பவர் அளவுகளைக் காட்டியாக வேண்டும். அந்தக் கட்டாயம் நல்லதே.

பள்ளியில் செய்யலாம்

இந்த ஆராய்ச்சிக்குக் கோடிக்கணக்கில் செலவு வேண்டும் என்பதும் முழு உண்மையன்று. விமான மூடியின் மேல் காற்று எப்படி ஓடுகிறது என்று அறிய, பொறியாளர்கள் சிறுசிறு நூல் துண்டுகளை ஒட்டிப் பறந்து பார்க்கிறார்கள். நூல் படிந்து கிடந்தால் ஓட்டம் சீரானது. துள்ளினால் அங்கே சுழிப்பு. மூடிக்குள் உள்ள அழுத்தமோ மிகச் சிறியது. மணிக்கு 200 கி.மீ. வேகக் காற்றின் முழு அழுத்தம், ஏறத்தாழ 19 செ.மீ. உயர நீரைத் தாங்கும் அளவே. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் உள்ள U வடிவக் குழாயில் அளந்துவிடக்கூடிய அழுத்தம்!

ஆசிரியரின் மேற்பார்வையில் இதைச் செய்து பாருங்கள். ஓர் அட்டைப்பெட்டிக்குள் வெந்நீர் நிரம்பிய தகர டப்பாவை வைத்து, வெப்பமானியைச் செருகுங்கள். முன்புறம் ஒரு துளை. பின்புறம் ஒரு துளை. மேசைவிசிறியின் முன்னே வைத்து, வெந்நீர் 80 பாகையிலிருந்து 60 பாகைக்குக் குறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். பின்னர் முன்துளையை அப்படியே விட்டு, பின்துளையைப் பாதி அடையுங்கள். பிறகு முழுவதும் அடையுங்கள். அடுத்து, வெறும் பெட்டியை நான்கு நூல்களில் தொங்கவிட்டு, தட்டையான முகம், உருண்டையான முகம் ஆகிய இரண்டில் எதை விசிறிக்காற்று அதிகம் பின்னே தள்ளுகிறது என்று அளவுகோலால் அளங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வைக் குழுவினர் லாங்லியில் கடைப்பிடித்த ஒழுங்கும் இதுவே.

நம் மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போது, விமானம் நமக்குத் தொலைவான பொருளன்று என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

விமானம் வேண்டாம், கிணற்று மோட்டாரையே பாருங்கள். தண்ணீர் குறைவாக வந்தால் உடனே பெரிய மோட்டார் வாங்கத் துடிக்கிறோம். குழாய் குறுகலா, தேவையற்ற வளைவுகள் உண்டா என்று பார்ப்பதில்லை. அதே அளவு நீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். அதை வெல்லப் பெரிய மோட்டார் வாங்குவது, ஓட்டைக் குடத்தை நிரப்ப இன்னொரு குடம் வாங்குவது போன்றதே.

மாணவர்களே, அடுத்த முறை யாராவது "பெரிய எஞ்சினைப் போடு" என்று சொன்னால், மறுக்க வேண்டாம். "இப்போதுள்ள எஞ்சினின் திறன் எங்கெங்கே செலவாகிறது, அளந்தீர்களா?" என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள்.